எட்டுக் காந்தமும் என் ஸ்டூலும்

வீட்டின் முன்னறையில் இருக்கும் என் தையல் கடையில் வாடிக்கையாளர் உட்கார ஒரே ஒரு ஸ்டூல்தான் இருந்தது. வட்டப் பலகை, மூன்று கால், எவ்வளவு கனமான ஆள் உட்கார்ந்தாலும் ஆடாது. அதை என் மச்சான் அறுத்துவிட்டார். நான் நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் மூன்று கால்களும் மூலையில் சாய்ந்து கிடந்தன. பலகையின் நடுவில் ஓட்டை போட்டு ஒரு சைக்கிள் அச்சைச் சொருகிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இந்த வீட்லயே ஒழுங்கான வட்டம்னா இது ஒண்ணுதான்," என்றார், என்னைப் பாராட்டுகிற மாதிரி.

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. உள் அறை வாசலில் என் மனைவி நின்று, பேசாதீர்கள் என்று கண்ணைக் காட்டினாள். மச்சான் அவளுடைய ஒரே அண்ணன். அவரை நான் ஒரு சொல் சொன்னால் அவள் என்னை ஒன்றும் சொல்லமாட்டாள், பாத்திரங்களைச் சத்தமாக வைப்பாள். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே நான் பாதி வாழ்க்கையை ஓட்டியிருக்கிறேன்.

மச்சானுக்குத் தொழில், கருகிப்போன மின்விசிறிகளுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது. நல்ல வேலைக்காரர். ஒரு நாள் காலையில் ஒரு கையில் துணிப்பையும் இன்னொரு கையில் செத்துப்போன ஸ்கூட்டர் பேட்டரியுமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பேட்டரி அவர் மனைவியின் ஸ்கூட்டருடையது. எனக்குத் தங்கச்சி முறையான அவள் முட்டை வியாபாரம் செய்கிறவள். அட்டைத் தட்டுகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில்தான் கடைகடையாகப் போவாள்.

"பேட்டரி பழசு மாப்ள, தானா போயிடுச்சு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? இதுக்கு உயிர் வந்தா வீட்டுக்கு வாங்க, இல்லன்னா வராதீங்கன்னுட்டா," என்றார் மச்சான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே பாவமாகப் போய்விட்டது. பேட்டரி சாவதற்கெல்லாம் புருஷனை வெளியே தள்ளுவார்களா என்று தங்கச்சிமேல் கோபம்கூட வந்தது.

புத்தியுள்ள யாரும் அந்தப் பேட்டரியைக் கடையில் போட்டுவிட்டு வேறு வாங்குவார்கள். மச்சான் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தார். அதில் ஒரு ஆள் சக்கரத்தின் விளிம்பில் வரிசையாகக் காந்தம் ஒட்டி, பக்கத்தில் கம்பிச்சுருள் வைத்து, ஒரு நல்ல பேட்டரியால் சக்கரத்தைச் சுழல விடுகிறான். ஒவ்வொரு காந்தம் கடக்கும்போதும் சுருளிலிருந்து ஒரு அதிர்ச்சி கிளம்பிப் போய்ச் செத்த பேட்டரியை உலுக்குகிறதாம். உலுக்க உலுக்க அது எழுந்து உட்கார்ந்துவிடுமாம். மச்சான் இதை என்னிடம் எத்தனையோ தடவை விளக்கினார். ஒவ்வொரு தடவையும் பேட்டரி இன்னும் சீக்கிரமாக எழுந்தது.

ஆக, பேட்டரி எழும்வரை மச்சான் போகமாட்டார். மச்சான் போகும்வரை என் வெட்டுமேஜையில் பாதி எனக்குக் கிடையாது. ஒரு பாண்டு வாத்தியக் குழு முழுவதற்கும் கோட்டும் பேன்ட்டும் தைக்க ஒத்துக்கொண்டிருந்த நேரம் அது. துணியை முழு அகலத்துக்கு விரிக்க இடமில்லாமல், மேஜையின் ஓரத்தில் ஒண்டுக்குடித்தனம் செய்துகொண்டிருந்தேன்.

இடத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். காந்தத்தை எப்படிப் பொறுப்பது? தையல் கடை என்றால் ஊசி, குண்டூசி, கத்தரி, பாபின், கொக்கி. எல்லாமே இரும்பு. மச்சான் கோட்டுப் பொத்தான் அளவில் எட்டுக் காந்தங்களை மேஜையில் கொட்டிய நிமிடமே குண்டூசி டப்பா குப்புற விழுந்தது. என் பெரிய கத்தரி போய் ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பிடுங்கியதில் கத்தரிக்கும் காந்தம் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு நான் துணியில் குத்தி வைக்கும் குண்டூசியையெல்லாம் கத்தரி போகிற வழியில் பொறுக்கிக்கொண்டே போனது. பாண்டு குழுவின் தலைவருக்கு அளவெடுக்கக் குனிந்தபோது, என் சட்டைப்பையில் மச்சான் எப்போதோ போட்டு வைத்திருந்த காந்தம் அவருடைய பெல்ட் பக்கிளில் படக்கென்று ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ரொம்ப நெருக்கமாக நின்றோம். பிரிந்ததும் அவர் உட்காரலாம் என்று திரும்பிப் பார்த்தார். ஸ்டூல் இல்லை.

எட்டுக் காந்தத்தையும் பலகையின் விளிம்பில் சமமான இடைவெளியில் ஒட்ட வேண்டும். இதில்தான் மச்சான் மாட்டிக்கொண்டார். பென்சிலால் குறிப்பார், நூல் பிடிப்பார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். கடைசி இடைவெளி மட்டும் ஒரு தடவை பெரிதாக வரும், ஒரு தடவை சின்னதாக வரும். அழிப்பார், மறுபடி குறிப்பார். பலகை பூராவும் பென்சில் கோடு.

"இடைவெளி ஒரு நூல் மாறினாலும் ஓடாது மாப்ள," என்றார். "ரெண்டு பக்கமும் ரெண்டு காயில் வச்சிருக்கேன் பாருங்க. இந்தப் பக்கம் காந்தம் வரும்போது ரெண்டு காயிலும் ஒண்ணா தள்ளும். அந்த நேரத்துல எதிர்ப்பக்கக் காந்தமும் அந்தக் காயில் முன்னாடி கரெக்டா நிக்கணும். நிக்கலன்னா இது முன்னாடி தள்ளும், அது பின்னாடி தள்ளும்."

"வீடியோல ஒரு காயில்தானே இருந்துச்சு?"

"அவனுக்கு அவசரமில்ல. எனக்கு அவசரம்."

பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுக்கவில்லை. அளவு என் தொழில். அளவு தெரியாதவர்கள் அளப்பதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

"தள்ளுங்க மச்சான்," என்றேன்.

லைனிங் துணியில் ஒரு நாடா எடுத்தேன். பலகையின் விளிம்பைச் சுற்றிப் பிடித்தேன். கட்டைவிரலை வைத்தேன், கத்தரி சரசரவென்று போனது, நாடா கையில். அதை இரண்டாக மடித்தேன், மறுபடி இரண்டாக, மறுபடி. விரலால் அழுத்தி நீவி, ஒரு நுனியிலும் மடிப்பு விழுந்த இடங்களிலும் சாக்குக்கட்டியால் குறி போட்டேன். எட்டுப் பாகம். பலகையில் சுற்றினேன். நாடாவின் இரண்டு நுனியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பாந்தமாக உட்கார்ந்தன. குண்டூசி குத்தி, குறிகளை மரத்துக்கு மாற்றினேன். எல்லாம் ஒரு பொத்தான் தைக்கிற நேரம்.

"இதுக்கா இத்தனை பாடு?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதைவிட அறிவித்தேன் என்று சொல்ல வேண்டும். என் மனைவிக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்க. "மெஷின்ல உக்காந்த நாள்ல இருந்து என் அளவு தப்புன்னு ஒருத்தன் சொன்னதில்ல."

மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாப்ள கைய வச்சா போதும்," என்றார். என் மனைவியின் நகப்பாலிஷை வாங்கி, காந்தங்களில் வெளியே பார்க்க வேண்டிய முகத்துக்கெல்லாம் சிவப்புப் பொட்டு வைத்தார். இரண்டு டியூப் பசையைக் குழைத்து, என் குறிகளில் ஒவ்வொன்றாக ஒட்டினார். காய்ந்தால் கல் மாதிரி ஆகிற பசை.

சக்கரத்தை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் மாட்டினார். இரண்டு பக்கமும் காயில். ஒயரைத் தொடுத்துவிட்டு விரலால் ஒரு சுண்டு சுண்டினார். சக்கரம் கிளம்பியது. கால் சுற்று போனது. நின்றது. நடுங்கியது. வந்த வழியே கொஞ்சம் திரும்பியது. மறுபடி முன்னால் போனது. வாசல்வரை போய்விட்டு, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருகிறவர்கள் மாதிரி இருந்தது.

"உங்க மோட்டார் யோசிக்குது மச்சான்," என்றேன்.

அன்றிலிருந்து மச்சான் சந்தேகப்படாத பொருள் இல்லை. காயிலைப் பிரித்து மறுபடி கட்டினார். அச்சுக்கு எண்ணெய் விட்டார். டிரான்சிஸ்டரை மாற்றினார். காற்று தடுக்கிறதோ என்று ஜன்னலைச் சாத்தினார். நான் இஸ்திரி போடும்போது வருகிற சூடுகூட அவருக்குச் சந்தேகம். ஒன்றை மட்டும் சந்தேகப்படவேயில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் நின்று, "என்னது இது?" என்று கேட்பார்கள். மச்சான் கதையைச் சொல்லிவிட்டு முடிவில், "எதுல வேணா கோளாறு இருக்கலாம் சார். இடைவெளி மட்டும் பக்கா. அது மாப்ள போட்ட அளவு," என்பார். நான் மெஷினை மிதித்துக்கொண்டே, காதில் விழாதவன் மாதிரி இருப்பேன். நன்றாக விழும்.

கேலியும் விடவில்லை. "நீங்க கட்டின காயில் மாட்டின ஃபேனெல்லாம் இப்படித்தான் முன்னும் பின்னும் சுத்துதா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். தொழிலைத் தொட்டிருக்கக் கூடாது. உள்ளே ஒரு பாத்திரம் டங்கென்று விழுந்தது.

இதற்கு நடுவில் கரண்ட் போனது. எனக்குக் கவலையில்லை, இன்வெர்ட்டர் இருக்கிறது என்று கோட்டுக் கையைத் தைத்துக்கொண்டிருந்தேன். இன்வெர்ட்டர் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. திறந்து பார்த்தால் அதன் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் கிளம்பி, சுவரோரமாகவே போய், என் மேஜைக்கடியில் புகுந்து, மச்சானின் சக்கரத்தில் முடிந்தது.

"நல்ல பேட்டரி ஒண்ணு வேணும்ல மாப்ள," என்றார் மச்சான் இருட்டுக்குள்ளிருந்து.

அந்த வாரக் கடைசியில் தங்கச்சி என் மனைவிக்குப் போன் செய்தாள். என் மனைவி போனை வைத்துவிட்டு வந்து, அண்ணனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணி ஞாயித்துக்கிழமை வர்றாங்களாம். வந்து பாப்பாங்களாம். பேட்டரி செத்தே கிடந்துச்சுன்னா, அவர் அங்கயே இருக்கட்டும், இனிமே கேக்க மாட்டேன்னு சொல்லச் சொன்னாங்க."

மச்சான் அன்று சாப்பிடவில்லை. மேஜையின் முன்னால் உட்கார்ந்து சக்கரத்தை விரலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தார். அது வழக்கம்போல் போனது, வந்தது. நான் கேலி செய்யவில்லை. அவருக்கு வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் முகத்தில் அது அப்படியே எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மச்சான் சவரம் செய்யக் கொல்லைப்பக்கக் குழாயடிக்குப் போயிருந்தார். நான் பாண்டு தலைவரின் பேன்ட்டுக்கு இடுப்புப் பட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். துணியை நாடாவாகப் போட்டேன். அவருடைய இடுப்பளவுக்குக் கட்டைவிரலை வைத்தேன். கத்தரி போனது. கட்டைவிரலைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போய் வெட்டியது. தையலுக்கு விட வேண்டுமே. இந்த நுனியில் அரை இன்ச், அந்த நுனியில் அரை இன்ச். அதை நான் சொல்ல வேண்டியதில்லை, கைக்கே தெரியும்.

கத்தரி கையிலேயே நின்றுவிட்டது.

திரும்பிச் சக்கரத்தைப் பார்த்தேன். மெதுவாகப் போய், டேப்பை வைத்து ஒவ்வொரு இடைவெளியாக அளந்தேன். ஏழும் ஒரே அளவு. எட்டாவது இடைவெளி கிட்டத்தட்ட ஒரு இன்ச் குறைவு. மரப்பலகைக்குத் தையல் விட்டு வெட்டியிருக்கிறேன். உலகத்தில் ஸ்டூலுக்குத் தையல் விட்டவன் நான் ஒருத்தன்தான். நாடாவின் நுனிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தபோது, பார், எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று சந்தோஷம்வேறு பட்டேன்.

எனக்கு வியர்த்துவிட்டது. சொன்னால் மானம் போகும். "மாப்ள போட்ட அளவு" என்று தெருவே கேட்டிருக்கிறது. சொல்லாவிட்டால் மச்சானுக்கு வீடு போகும். மச்சானுக்கு வீடு போனால் எனக்கு மேஜை போகும். மூன்றையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. ஒருவருக்கும் தெரியாமல் காந்தங்களைப் பெயர்த்துச் சரியான இடத்தில் ஒட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. இப்படிப்பட்ட யோசனை எல்லாம் வேகமாக வந்துவிடும்.

பசை கல்லாக இருந்தது. சூடு காட்டினால் இளகும். கைக்கெட்டிய தூரத்தில் இஸ்திரிப் பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது. எடுத்து அதன் கூர்முனையைப் பதமாக முதல் காந்தத்தருகே கொண்டுபோனேன். அது இரும்புப் பெட்டி என்பது காந்தத்துக்கு ஞாபகம் இருந்தது, எனக்கு இல்லை. டப்பென்று ஒட்டிக்கொண்டது. பெட்டியை இழுத்தேன், சக்கரம் வந்தது. சக்கரத்தைப் பிடித்தேன், கட்டை வந்தது. பசை புகைந்து நாறியது. காலை மேஜையில் முட்டுக்கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தேன். காந்தம் மரச்சிராயோடு பெயர்ந்து, பெட்டியின் மூக்கில் பல் மாதிரி ஒட்டிக்கொண்டு என்னோடு வந்தது.

"அண்ணா, என்ன பண்றீங்க?"

வாசலில் தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து மச்சானும் ஓடி வந்தார், ஒரு கன்னம் வழவழப்பாக, இன்னொரு கன்னம் முழுக்க நுரையாக. கையில் ரேசர். சக்கரத்தைப் பார்த்தார், அதில் ஏழுதான் இருந்தது. என் கையைப் பார்த்தார்.

"மாப்ள! நீங்களா இப்படி? நான் இங்க இருக்கறது பிடிக்கலன்னா வாயால சொல்லியிருக்கலாமே!"

என் மனைவி வந்து நின்றாள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கையில் இஸ்திரிப் பெட்டி, பெட்டியின் நுனியில் நகப்பாலிஷ் பொட்டு வைத்த காந்தம். என்ன பொய்யைச் சொன்னாலும் நிற்காது.

"தப்பு என்னோடது மச்சான்," என்றேன். "தையலுக்குத் துணி விட்டு வெட்டிட்டேன். ஒரு இன்ச் கூடிப்போச்சு. உங்க காயில்ல ஒரு குறையும் இல்ல. இத்தனை நாளா என் அளவாலதான் ஓடல. அதுலயும் நானே உங்களக் கேலி பண்ணினேன். மன்னிச்சுடுங்க."

என் மனைவிக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு, "மரத்துக்கா?" என்று ஆரம்பித்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மச்சான் வாயைத் திறந்தபடி நின்றார். தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணா," என்றாள். "இப்ப முதல்ல ஒண்ணு சொன்னீங்களே, அத இன்னொரு தடவ சொல்லுங்க."

"தையலுக்கு விட்டு..."

"அதுக்கும் முன்னாடி."

"தப்பு என்னோடது."

அவள் மச்சான் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? எவ்வளவு சின்னதா இருக்கு பாருங்க. காயில் வேண்டாம், காந்தம் வேண்டாம்."

மச்சான் தரையைப் பார்த்தார்.

"பேட்டரி பழசு, தானா போச்சுன்னுதானே இவங்ககிட்டயும் சொன்னீங்க?" என்றாள். பிறகு எங்களிடம் சொன்னாள். "வாங்கி மூணு மாசம்கூட ஆகல அண்ணா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம கழட்டி, இதே மாதிரி ஏதோ சோதனை பண்ணி, காலி பண்ணிட்டு, சத்தமில்லாம திரும்ப மாட்டி வச்சிருக்காரு. நான் தட்டு தட்டா முட்டைய ஏத்திக்கிட்டுப் போறேன், நடு நாற்சந்தில வண்டி நின்னுடுச்சு. கிக்கர் இல்லாத வண்டி, திரும்பக் கிளம்பவே இல்ல. நாலு பக்கமும் ஹார்ன். முட்டை உடையாம அந்த வண்டிய வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்தேன். வந்து கேட்டா, பேட்டரி பழசுங்கறாரு."

"அதான் அதுக்கு உயிர் கொடுக்கலாம்னு..." என்றார் மச்சான்.

"பேட்டரி கடையில கிடைக்குது. பொய்ய ஒத்துக்க வைக்கத்தான் உயிர் வந்தா வாங்கன்னேன். மறுநாளே புதுசு போட்டுட்டேன். பின்ன இப்ப நான் எதுல வந்தேன்னு நினைக்கிறீங்க?"

எல்லோரும் வாசலைப் பார்த்தோம். ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது.

மச்சானின் நுரை கன்னத்திலிருந்து வழிந்து சட்டையில் சொட்டியது. "அது வந்து..." என்று ஆரம்பித்தார். "நான் எடுத்தது வாஸ்தவம்தான். ஆனா அந்த பேட்டரியும் அவ்வளவு தரமில்ல..." நிறுத்தினார். "எடுத்தது தப்புதான். வீடியோல அந்த ஆள் என்ன சொன்னான்னா..." மறுபடி நின்றார். முன்னால் போகிறார், தயங்குகிறார், திரும்பி வந்துவிடுகிறார். அந்தச் சக்கரத்தை இத்தனை நாள் பார்த்திருந்ததால் எங்களுக்கு இது பழகியிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

மூன்றாவது தடவை முழுச் சுற்றும் வந்தது. "உன்னக் கேக்காம எடுத்தேன். உன்ன நடுரோட்டுல நிக்க வச்சேன். அதுக்கப்புறம் பொய்யும் சொன்னேன். தப்பு முழுக்க என்னோடது."

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போய் அந்தப் பக்கத்தையும் வழிச்சுட்டு வாங்க. இப்படியேவா பின்னாடி உக்காந்து வருவீங்க?" என்றாள்.

கிளம்பும்போது மச்சான் துணிப்பையைத் தோளில் மாட்டி, செத்த பேட்டரியைத் தங்கச்சியின் காலடியில் வைத்து, சக்கரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார். "அது எதுக்கு?" என்று தங்கச்சி கேட்டாள். "ஒரு காயிலக் கழட்டிட்டா ஏழு காந்தத்துல நொண்டிக்கிட்டாவது ஓடும்னு தோணுது," என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அதைக் கீழே வைக்கச் சொல்லவில்லை.

உள்ளே வந்தேன். வெட்டுமேஜை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை காலியாக இருந்தது. துணியை முழு அகலத்துக்கு விரித்தேன். எத்தனை நாள் ஆசை. ஆறிய இஸ்திரிப் பெட்டியிலிருந்து எட்டாவது காந்தத்தை நெம்பி எடுத்துக்கொண்டிருந்தபோது என் மனைவி எதிரே வந்து நின்றாள். சிரித்துச் சிரித்து இன்னும் முகம் சிவந்திருந்தது.

"அண்ணன்கிட்ட எவ்வளவு அழகா சொன்னீங்க," என்றாள். "உங்களுக்கு இப்படியெல்லாம் சொல்ல வரும்னே எனக்குத் தெரியாது."

"அதெல்லாம் வரும்," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப வாங்க, உக்காருங்க. என்கிட்ட சொல்ல வேண்டியதையும் கல்யாணமான நாள்ல இருந்து ஒண்ணொண்ணா ஆரம்பிக்கலாம்."

சுற்றும் முற்றும் பார்த்தேன். மூலையில் மூன்று கால்கள் மட்டும் சாய்ந்து கிடந்தன.

"உக்கார ஸ்டூல் இல்லையே," என்றேன்.

"பரவால்ல," என்றாள் அவள். "நின்னுக்கிட்டே சொல்லுங்க."